பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் அந்த டபுள் கேபின் பிக்கப் பதினோரு மாதமாக நின்றது. முன்னால் இரண்டு பேர், பின் சீட்டில் மூன்று பேர், அதற்கும் பின்னால் திறந்த லோடு பெட்டி. சீசனுக்கு வரும் கேரளாக்காரர்கள் அதன்மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். வீரகேரளம்புதூர் வெங்காய வியாபாரியும் சிவகிரி எலுமிச்சை வியாபாரியும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "பெட்டி குட்டையால்லா இருக்கு" என்று பக்கத்தில் நிற்கும் சாதாரண லோடு வண்டிக்குப் போய்விடுவார்கள்.

ஸ்டான்லி அங்கே ஆறு வருஷமாக வண்டி விற்கிறான். ஆள் படியேறும் தோரணையைப் பார்த்தே எந்த வண்டி எடுப்பார் என்று சொல்லிவிடுவான். இந்த டபுள் கேபின் யாருக்கானது என்பது மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை.

"ஆவணியிலயும் போகலைன்னா திருநெல்வேலிக்கு அனுப்பிருவோம்லே" என்றார் மேனேஜர் சண்முகநாதன்.

ஆடி மாதம். புது வண்டி எடுக்க யாரும் வரமாட்டார்கள். அந்த நேரத்தில்தான் ஒரு பெண், சாரலில் நனைந்த செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். வயது ஐம்பதுக்குள் இருக்கும். விலை கேட்கவில்லை. டிரைவர் சீட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. லோடு பெட்டியின் விளிம்பில் கையால் சாண் போட்டுப் பார்த்தாள். பிறகு பின் கதவைத் திறக்கச் சொல்லி ஏறி, கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்ன லோடு ஏத்துவீங்கக்கா?"

"சொல்லுதேன் தம்பி. இப்பம் உக்காந்து பாக்கேன்."

மூன்றாம் நாள் வேறொரு பெண்ணைக் கூட்டிவந்தாள். அவளும் பின் சீட்டில் உட்கார்ந்தாள், இறங்கினாள். அடுத்த வாரம் இன்னொருத்தி. ஸ்டான்லி காபி வாங்கிக் கொடுத்து வாயைக் கிளறினான். காபியைக் குடித்தார்கள், விஷயத்தைச் சொல்லவில்லை.

நான்காவது முறை வந்தவள் கனத்த உடம்புக்காரி, பெயர் பேச்சித்தாய். வண்டியின் படியில் ஒரு காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்து எம்பினாள். பாதியில் முகம் வெளுத்துவிட்டது. காலைக் கீழே வைத்தாள்.

"முடியாதுட்டி வடிவு. வா, போவோம்."

இருவரும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தான் ஸ்டான்லி. அந்தப் பெண்கள் எதற்காக வந்தார்கள் என்று தெரியாமல் அவனுக்கு வேலையே ஓடவில்லை. வருகைப் பதிவில் 'வடிவம்மாள், ஆய்க்குடி' என்று மட்டும் இருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு ஆய்க்குடிக்குப் போய் விசாரித்தான். "சமையல் வடிவம்மாளா?" என்று முதல் ஆளே வழி காட்டினார்.

வீட்டுக்குப் பக்கவாட்டுத் தகரக் கொட்டகையில் அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. ஏன் அப்புறம் வரவில்லை என்று அவன் கேட்டதும் வடிவம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுக்காவ மழையில வந்தீயளா?"

"காரணத்தச் சொல்லுங்கக்கா, போயிருதேன்."

"கல்யாண வீட்டுக்குச் சாமானும் நாங்களும் ஒரே லோடு வண்டியிலதான் போவோம். அண்டாவப் புடிச்சுக்கிட்டுப் பெட்டியில நிப்போம். வைகாசியில இலஞ்சி வளைவுல டிரைவர் சடார்னு பிரேக் போட்டான். பேச்சித்தாய் விழுந்துட்டா, இடுப்புல அடி. சீட்டு இருந்தாத்தான் இனிமே வேலைக்கு வருவேன்னுட்டா. அவ சொன்னதுல என்ன தப்பு? எனக்குச் சாம்பாருக்கு அவதான். சரி, ஆளும் சாமானும் சேந்து போற வண்டி ஒண்ணு இருக்கேன்னு வந்தேன். அவளுக்கே ஏற முடியலைன்னா எனக்கு அது எதுக்கு?"

ஸ்டான்லிக்கு வெட்கமாக இருந்தது. வந்தவர்களிடமெல்லாம் எத்தனை கிலோ ஏற்றுவீர்கள் என்று கேட்டிருக்கிறான். கூட எத்தனை பேர் வருவார்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

திரும்பியதும் ஒர்க்ஷாப் வெல்டர் சுடலைமணியைப் பிடித்தான். ஏற்கெனவே இருந்த போல்ட்டிலேயே மாட்டுகிற மாதிரி, தாழ்வாக இன்னொரு படி செய்யச் சொன்னான்.

"அவங்க எடுக்கேன்னு சொன்னாங்களாலே?" என்றார் சண்முகநாதன்.

"இல்ல சார். ஏறுதாங்களான்னு பாக்கணும்."

படி மாட்டியானதும் வண்டியை ஆய்க்குடிக்கு ஓட்டிப் போனான். அது டெமோ வண்டி, ஓட்டிக் காட்டத் தடையில்லை. ஆனால் வடிவம்மாள் வெறும் வண்டியில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். சாமானோடு ஐந்தருவி ஏற்றம் ஏற வேண்டும். அங்கேயே அண்டாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஏற்றினார்கள். வெங்காய மூட்டைக்குக் குட்டையாகத் தெரிந்த பெட்டியில் நாலு அண்டாவும் இரண்டு அடுப்பும் அடங்கின. மூன்றாவது அடுப்புக்கு இடமில்லை.

"அது மண்டபத்துல வாடகைக்குக் கிடைக்கும், விடுங்க" என்றாள் வடிவம்மாள்.

பேச்சித்தாய் புதுப் படியில் கால் வைத்தாள். அடுத்த படியில் மற்றக் கால். ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் பக்கத்தில் பிரியாணிக்குப் பேர்போன மெஹர் பானு, அடுத்து இலையில் பரிமாறும் பெர்சிஸ். வடிவம்மாள் முன்னால் உட்கார்ந்தாள்.

முதல் வளைவில் அண்டாக்கள் கடகடவென்று உருண்டு இடித்தன. பின் சீட்டில் மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். பிடிக்க அங்கே அண்டா இல்லை, முன் சீட்டின் முதுகுதான் இருந்தது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் ஸ்டான்லி வேகத்தைக் குறைத்துவிட்டான்.

ஐந்தருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. வண்டிக்குள் இருந்தபடியே சுண்டல் வாங்கித் தின்றார்கள். இறக்கத்தில் சாவியை மெஹர் பானு வாங்கிக்கொண்டாள். புருஷனுடைய வேனை மூன்று வருஷமாக அவள்தான் ஓட்டுகிறாள் என்பது ஸ்டான்லிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் பின் சீட்டில், பேச்சித்தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். அந்தச் சீட்டில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முழங்காலுக்கு இடம் கொஞ்சம் குறைவுதான்.

"பழசான பொறவு வித்தா என்ன வெலைக்குப் போவும்?" வடிவம்மாள் திரும்பிக் கேட்டாள்.

"தெரியாதுக்கா. இந்தப் பக்கம் இன்னும் யாரும் எடுக்கல்ல."

"அப்பம் நாந்தான் மொத ஆளா?" பின் கண்ணாடி வழியே பெட்டியில் இருந்த அண்டாக்களைப் பார்த்தாள். "சரி, ஆவணி மொத முகூர்த்தத்துக்கு வேணும். படிக்குத் தனியா துட்டு கேக்கப்பிடாது."

ஆவணியில் அந்த முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வண்டி ஆய்க்குடி போய்ச் சேர்ந்தது.

விற்ற வண்டிக்குக் கம்பெனி ஒரு படிவம் கேட்கும். பயன்பாடு என்ற இடத்தில் விவசாயம், வியாபாரம், கட்டுமானம், சுற்றுலா என்று கட்டங்கள். எதிலும் டிக் அடிக்க ஸ்டான்லிக்கு மனம் வரவில்லை. 'மற்றவை' என்ற இடத்தில் எழுதினான்: சமையல்காரர் நாலு பேர், அண்டா நாலு, அடுப்பு இரண்டு. மூன்றாவது அடுப்புக்கு இடமில்லை.

பத்து நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அந்த மூன்றாவது அடுப்பின் நீள அகலம் என்ன, அந்தப் பக்கம் இந்த மாதிரிச் சமையல் குழுக்கள் எத்தனை இருக்கும் என்று கேட்டாள்.

"ரெண்டு நாள் டைம் குடுங்க மேடம்" என்றான் ஸ்டான்லி. சுடலைமணியிடம் அளக்கிற டேப்பை வாங்கிக்கொண்டு பைக்கைக் கிளப்பினான்.