துணி சுற்றாத சுத்தியல்

என் புருஷன் வீரய்யாவுக்குப் புத்தி இருக்கிறது. பயம் வந்தால் மட்டும் அது எங்கேயோ போய்விடும். இல்லாவிட்டால், பிள்ளைத்தாச்சி மருமகள் வந்து தங்குவதற்காகக் கட்டிய அறையின் கூரைத் தகரத்தை, போட்ட கையாலேயே கழற்றுவாரா?

மகன் ஜீவன் பண்டாரவளையில் வாடகைக்கு இருந்தான். அங்கே வீட்டுக்குக் கட்டும் சோலைவரி கூடியதும் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார். கட்டுப்படியாகவில்லை. மருமகள் தனுஜாவுக்கோ மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. கொஸ்லந்தப் பக்கம் எங்களுக்குக் கிடைத்த புது வீட்டின் பின்னால் ஓர் அறை கட்டினோம். அந்த நேரம் பார்த்து, பிரதேச சபையிலிருந்து வரி மதிக்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது.

"அறைய பாத்தா வரிய ஏத்திப்புடுவாங்க. அப்புறம் வீடே கைய விட்டுப் போயிரும்," என்றார் வீரய்யா.

முன்பு நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இப்படித்தான். குசினியை ஒரு முழம் நீட்டினாலும் தோட்டத்தை நடத்தும் தொரை இடிக்கச் சொல்வார். அவர் சுற்றி வரும் நாளில் தகரத்தைக் கழற்றி மறைத்துவிடுவோம். லயத்தை விட்டு வந்தும் அந்தப் பழக்கம் இவரை விடவில்லை.

வரி மதிக்க வந்தவர் சிவரூபி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கூரையில்லாத சுவரைப் பார்த்தார். வாழையடியில் கிடந்த தகரத்தையும் பார்த்தார். 

"ஐயா, இதை ஏன் கழட்டினனீங்கள்?"

இவரை முந்திக்கொண்டு நான்தான் சொன்னேன். "வரிக்குப் பயந்துதாங்க. மருமக புள்ள பெத்துக்க வரணும். அறைய இடிக்கச் சொல்லிறாதீங்கம்மா."

"உங்கட வீட்டை ஆர் இடிக்கிறது? அறை கட்டினா வரி கொஞ்சம் கூடும்தான். ஆனா சபை ஒரு எல்லை வச்சிருக்கு. இந்த மாதிரிச் சின்ன வீட்டுக்கு அதுக்கு மேல ஏத்தேலாது. கூரையைப் போடுங்கோ, மழை வரப்போகுது."

அப்பாடா! அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வேலியோரம் நின்று கேட்ட பக்கத்து வீட்டுக் கருப்பம்மா, "அப்ப நானும் ஒரு அறையக் கட்டி என் மகள கூட்டிக்கிட்டு வந்துர்றேன்," என்றாள். அவளும் இத்தனை நாள் அதே பயத்தில்தான் கல் வாங்காமல் இருந்தாளாம்.

சிவரூபி போனதும் வீரய்யா ஏணியை எடுத்தார். சுத்தியலில் பழைய துணியைச் சுற்றினார். லயத்தில் கங்காணி காதில் விழக்கூடாதென்று அப்படித்தான் ஆணி அடிப்போம். எனக்கு வந்ததே கோபம்! துணியைப் பிடுங்கி எறிந்தேன்.

"யாருக்குங்க பயம்? நம்ம வீடு. நல்லா சத்தமா அடிங்க!"

அடித்தார். நான் ஜீவனுக்குப் போன் எடுத்தேன்.

"என்னம்மா அங்க இம்புட்டுச் சத்தம்?"

"ஒங்கப்பா ஒங்க அறைக்கு ஆணி அடிக்கிறாருடா. தனுஜாவக் கூட்டிக்கிட்டுக் கெளம்பி வா."