நெற்றிக்கு ஏறிய கண்ணாடி

அந்த வாக்கியத்தை அவரிடம் சொன்னேனா இல்லையா என்று எனக்கு உறுதியாக நினைவில்லை. பதினோரு வருடமாக, நாளைக்கு ஐந்தாறு பேரிடம் சொல்லிவருவது அது. நாற்பது வயதுக்கு மேல் லேசர் செய்துகொண்டால் தூரத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படாது, ஆனால் கிட்டத்து வேலைக்குக் கண்ணாடி போட வேண்டிவரும். அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது எங்கே மூச்சு வாங்குவேன் என்பதுகூட எனக்குத் தெரியும். அதனாலேயே, மெஹபூப் அலியிடம் சொன்னதாக என் காதில் இருக்கும் குரலை நம்ப முடியவில்லை. அது வேறு யாருக்கோ சொன்னதாக இருக்கலாம்.

அடையாறில் ஒரு கண் மருத்துவமனையில் நான் கவுன்சிலர். டாக்டர் கருவிழியின் தடிமனை அளந்து, லேசர் செய்யலாம் என்று எழுதியபின் அந்த நபர் என் அறைக்கு வருவார். இனி என்னவெல்லாம் நடக்கும் என்று சொல்வது என் வேலை. வலிக்குமா, எத்தனை நிமிடம், எத்தனை நாளில் வண்டி ஓட்டலாம், டிவி பார்க்கலாமா. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அநேகமாக எல்லோரும் ஒன்றைக் கேட்பார்கள்: இவ்வளவு நல்லதென்றால் உங்களுக்கு ஏன் மேடம் இன்னும் கண்ணாடி? கருவிழி மெலிசு, செய்ய முடியாது என்பேன். பாவம் என்பதுபோலப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள்.

போன வருடம் ஜூலையில் மெஹபூப் அலி தன் மகளோடு வந்தார். வயது நாற்பத்து நான்கு. பவர் மைனஸ் ஏழு. கண்ணாடிக்குள் அவர் கண்கள் மிகச் சிறியதாக, எங்கோ பின்னால் இருப்பதுபோலத் தெரிந்தன. மகள் ஜுவேரியா அதற்கு முந்தைய வருடம் எங்களிடமே லேசர் செய்துகொண்டவள். பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ கம்பெனியில் வேலை. தனக்குக் கிடைத்த சந்தோஷம் அப்பாவுக்கும் கிடைக்க வேண்டும் என்று அவள்தான் அழைத்து வந்திருந்தாள். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை.

"ராயப்பேட்டைல வந்து மெஹபூப் அலின்னு கேட்டா யாருக்கும் தெரியாது மேடம்," என்றார். "சோடாபுட்டி பாய்னு கேளுங்க, வூடு வரைக்கும் இட்டாந்து வுடுவாங்க."

ஜுவேரியா உருதுவில் அவரை அதட்டினாள். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் அவள் சுயதொழில் என்று எழுதியிருந்தாள். என்ன தொழில் என்று நான் கேட்கவில்லை. பிறகு அவளுக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனாள். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

மற்றதெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. ஆபரேஷன் அன்று தலைக்கு எண்ணெய், முகத்துக்கு கிரீம், வாசனைத் திரவியம் எதுவும் கூடாது என்றேன். அத்தருமா என்றார். அத்தரும்தான், அந்த ஆவி மெஷினுக்கு ஆகாது என்றேன். லேசர் ஓடும்போது முடி கருகுகிற மாதிரி ஒரு நாற்றம் வரும், பயப்படக் கூடாது என்றும் சொன்னேன். நல்லா இருக்கு நியாயம், வாசனையா வந்தா சேர்க்க மாட்டீங்க, நாத்தத்தை மட்டும் நீங்களே கிளப்புவீங்க என்று சிரித்தார்.

அடுத்து, ஒரு வாரத்துக்குக் கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்றேன். அப்போது அவர் சிரிப்பு நின்றது. நாளைக்கு ஐந்து வேளை தொழுகைக்கு முன் முகம் கழுவ வேண்டுமே என்றார். முன்பு அப்துல் கரீம் என்று ஒருவர் எங்களிடம் செய்துகொண்டார். அவர் அந்த ஒரு வாரமும் தண்ணீருக்குப் பதிலாகச் சுத்தமான மண்ணைத் தொட்டு தயம்மும் செய்ததாகச் சொன்னார். அதைச் சொன்னேன். அந்தச் சொல் எனக்குத் தெரிந்திருந்ததில் அவருக்கு அப்படியொரு மகிழ்ச்சி. பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்றார். இப்படியே பேச்சு போயிற்று. அந்த அறையில் நான் சொல்வேன், மற்றவர்கள் கேட்பார்கள். பேச்சு என்று ஒன்று நடப்பது அபூர்வம். அன்று நடந்தது. அதில்தான் அந்த வாக்கியம் விட்டுப்போனதோ, அல்லது சொல்லியும் இருவர் மனதிலும் நிற்காமல் போனதோ.

ஜுவேரியா திரும்பி வந்தாள். நான் ஒப்புதல் படிவத்தை நகர்த்தினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். குனிந்தார், மூக்கு காகிதத்தைத் தொடும் அளவுக்கு. உருதுவில், பொடி எழுத்தில், நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து என்று நினைத்தேன். அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை ஆபரேஷன். இரண்டு கண்ணுக்கும் சேர்த்துக் கால் மணி நேரம். மறுநாள் பரிசோதனைக்கு வந்தபோது அட்டையின் கடைசி வரியைத் தடுமாறாமல் படித்தார். பிறகு என் அறை ஜன்னலில் நின்று எதிர்க்கடைப் பலகையைப் படித்தார். அடுத்து பஸ் போர்டு, ஆட்டோ நம்பர். ஜுவேரியா சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து இழுக்கும்வரை அவர் நிறுத்தவில்லை. திரும்பி அவளை, அறையின் அந்தக் கோடியிலிருந்து, கொஞ்ச நேரம் பார்த்தார். ஃபைலில் ஆறுக்கு ஆறு, குறையற்ற பார்வை என்று எழுதினார்கள். டாக்டர் அந்த மாதத்தின் நல்ல முடிவுகளில் அதையும் சேர்த்துக்கொண்டார்.

செப்டம்பர் கடைசியில் அவர் தனியாக வந்தார். அப்பாயின்ட்மென்ட் இல்லை. மதியம் நான் சாப்பிட்டுவிட்டு ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, புத்தகத்தை முகத்துக்கு மிகப் பக்கத்தில் பிடித்துப் படிப்பது என் வழக்கம். அப்படிப் படிக்கும்போது அறை இருக்காது, மனிதர்கள் இருக்க மாட்டார்கள், எழுத்து மட்டும்தான். அதனால் அவர் எவ்வளவு நேரம் வாசலில் நின்றார் என்று தெரியவில்லை.

"நீங்களும் கழட்டிட்டுத்தான் படிக்கிறீங்களா மேடம்," என்றார்.

நான் அவசரமாகக் கண்ணாடியை மாட்டினேன்.

அவர் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து மேஜையில் விரித்தார். கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கான கை. அதில் ஆரி வேலையில் ஒரு யானை, மணியும் ஜரிகையுமாக. உடம்பு முழுவதும் நிறைந்திருந்தது. கண் இல்லை. கால் சலங்கை இல்லை. அந்த இடங்களில் பென்சில் கோடு மட்டும் இருந்தது.

அவர் தொழில் அது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். முப்பது வருடமாக. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துணிக்கு நாலு விரல் தூரத்தில் முகத்தை வைத்து, கசகசா அளவு மணியை ஒவ்வொன்றாகக் கோத்துத் தைப்பார். மற்றவர்களுக்குத் தெரியாத துளை அவர் வெறுங்கண்ணுக்குத் தெரியும். தி. நகர் கடைகளில் கண்ணும் நகமும் வைக்கிற வேலை என்றால் அவரிடம்தான் வரும். இப்போது நாலு விரல் தூரத்தில் எல்லாம் கலங்கிப்போகிறது. கிட்டத்துக் கண்ணாடி போட்டால் ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து துளை தெரியாது. விளக்கு வைத்த பூதக்கண்ணாடியும் வாங்கிப் பார்த்துவிட்டார். கை ஒரு இடத்திலும் ஊசி ஒரு இடத்திலுமாகத் தெரிந்து குமட்டுகிறதாம். இரண்டு துணி திரும்பி வந்துவிட்டது. இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் விஷயம்போலச் சொன்னார்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். மறுபடி சோதித்தார்கள். ஆறுக்கு ஆறு. கருவிழியில் சீவி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்றார் டாக்டர், மரியாதையாகத்தான். கண்ணாடிப் பவரைக் கொஞ்சம் கூட்டி எழுதிக் கொடுத்தார். படிவத்தை எடுத்து, கிட்டத்து வேலைக்குக் கண்ணாடி வேண்டிவரும் என்ற வரியைக் காட்டினார். ஆங்கிலத்தில், பதினான்காவது வரி. கீழே அந்த அழகான கையெழுத்து.

திரும்ப என் அறைக்கு வந்து உட்கார்ந்தோம்.

"ஜுவேரியா உங்களுக்குப் போன் பண்ணுவா," என்றார். "அவளுக்கு டவுட்டு வந்துகினு கீது. கேட்டா, முன்னாடியே சொன்னேன், தெரிஞ்சுதான் ஒத்துக்கினாருன்னு சொல்லிடுங்க."

"நான் நிஜமாவே சொன்னேனா பாய்?"

அவர் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணியை மடித்தார்.

"அத்த வுடுங்க மேடம். ஆசையா செஞ்சது அவ. அது அவ தப்பா ஆவக்கூடாது."

"தெரிஞ்சும் எதுக்கு ஒத்துக்கிட்டார்னு கேட்டா?"

கொஞ்சம் யோசித்தார். "மழைல வண்டி ஓட்ட கண்ணாடி பேஜாரா கீதுன்னு சொன்னேன்னு சொல்லுங்க."

அவர் போனபின் நான் புத்தகத்தை எடுக்கவில்லை. இதை இங்கே சொல்லிவிட வேண்டும். என் கருவிழி மெலிசு அல்ல. யாரும் அளந்ததே இல்லை. ஊழியர்களுக்கு இலவசமாகச் செய்கிறோம் என்று மூன்று முறை கேட்டார்கள், மறுத்துவிட்டேன். கண்ணாடியைக் கழற்றினால் எனக்குக் கிடைக்கும் அந்த நாலு விரல் தூரத்தை இழக்க எனக்கு மனமில்லை. லேசர் எதை எடுத்துக்கொள்ளும் என்று அந்த மருத்துவமனையிலேயே உடம்பால் தெரிந்தவள் நான்தான். அவர் நெற்றிக்குக் கண்ணாடியை ஏற்றியதையும் நான்தான் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் மாலை ஜுவேரியா கூப்பிட்டாள். நான் அசோக் நகருக்கு வீடு திரும்பும் பஸ்ஸில் இருந்தேன். மெட்ரோ வேலைக்காகச் சாலையை அடைத்திருந்ததால் பஸ் நகரவில்லை. அப்பா பட்டறையில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததாகச் சொன்னாள். கேட்டால் வேலை குறைவு என்கிறார், ஆனால் ஆவணி முகூர்த்தத்திலிருந்து வேலை குவிந்து கிடக்கிறது என்றாள். கிட்டத்தில் பார்வை போகும் என்று தன்னிடம் யாரும் சொல்லவில்லை, தனக்கு அப்போது வயது இருபத்து நான்குதான், சொல்லத் தேவையும் இருந்திருக்காது என்றாள்.

"அப்பாகிட்ட சொன்னீங்களா மேடம்?"

"சொன்னேன்."

"தெரிஞ்சுமா ஒத்துக்கிட்டார்?"

"மழையில வண்டி ஓட்ட கண்ணாடி தொந்தரவா இருக்குன்னார்."

அவள் பக்கம் ஏதோ கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"எங்கப்பா மழையில வண்டியே எடுக்க மாட்டார் மேடம்," என்றாள்.

கண்டக்டர் யாரையோ உள்ளே தள்ளி நிற்கச் சொன்னார்.

"சரி மேடம். சொன்னீங்கன்னா சரி," என்று வைத்துவிட்டாள்.

அவள் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். அப்பா எதற்காக அப்படிச் சொல்லச் சொன்னார் என்று புரிந்துகொண்டு, அவருக்காக நம்பியதாக இருந்துவிட்டாள். அவளைக் காப்பாற்றச் சொன்ன பதில் என்னையும் காப்பாற்றியது. அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். அதுதான் என்னை விடாமல் இருக்கிறது.

இந்த ஜூலையில் மெஹபூப் அலி வருடாந்திரப் பரிசோதனைக்கு வந்தார். பார்வை இன்னமும் ஆறுக்கு ஆறு. மணி வேலையை விட்டுவிட்டார். துணியில் படம் வரைந்து கொடுக்கிறார், முடிந்த துணிகளைத் தி. நகர் கடைகளுக்கு வண்டியில் கொண்டுபோகிறார், மழையிலும் போகிறார். அந்த யானைக்குக் கண்ணும் சலங்கையும் அவர் தங்கை மகன் ஃபராஸ் தைத்தான், கல்யாணம் சொன்ன தேதியில் நடந்தது. ஜுவேரியா பெங்களூருக்கு மாறிப் போய்விட்டாள். வாரம் தவறாமல் வீட்டுக்குப் போன் செய்கிறாள், கண்ணைப் பற்றிக் கேட்பதில்லை. டாக்டர் மயிலாப்பூரில் இன்னொரு கிளை திறந்திருக்கிறார். நான் அதே அறையில் இருக்கிறேன். வருகிறவர்களிடம் முதலில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். எனக்கு ஏன் இன்னும் கண்ணாடி என்று கேட்டால், கருவிழி மெலிசு என்றுதான் சொல்கிறேன்.