மமசாலி வீட்டு ஆடு

சுஸ்த் சந்தையில் கத்திக் கொல்லர்களின் வரிசை முடிந்து ரொட்டிக்காரர்களின் வரிசை தொடங்கும் மூலையில் சாணைக்காரர் எர்காஷ் உஸ்தாவின் பலகை இருந்தது. பலகையில் மூன்று சாணைக்கற்களைப் பதித்திருந்தார். முதல் கல் கரடு. பல் விழுந்த கத்திகளுக்கு. நடுக்கல் சாம்பல் நிறம். மூன்றாவது, ஆற்றங்கரையில் அவரே பொறுக்கி எடுத்த பச்சைக்கல்; நனைந்தால் குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கும். பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கிண்ணம். மூன்று கல்லும் முடிந்தபின் அலகை இரண்டு தரம் தோலில் இழுப்பார். கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார். பிறகு பிடிப் பக்கமாகத் திருப்பி நீட்டுவார்.

எந்தக் கத்தி வந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பார். "வெங்காயத்துக்கா, கழுத்துக்கா?"

கழுத்துக்கு என்று பதில் வந்தால், வந்தவனின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். கல்யாணச் சமையல்காரன் தோலிப் ஒவ்வொரு தடவையும் இதில் மாட்டிக்கொள்வான்.

"சீக்கிரம் உஸ்தா. அங்க அடுப்பு மூட்டியாச்சு."

"உன் பின்னால நிக்கிறது யாரு?"

"ஆடுதான். பின்ன என் மாமியாரா?"

"மாமியார்னா நிக்கட்டும். ஆடுன்னா ரொட்டிக்காரங்களுக்குப் பின்னால கொண்டுபோய்க் கட்டிட்டு வா."

"அதுக்கு என்னா தெரியப்போகுது உஸ்தா? புல்லத் தின்னுக்கிட்டு நிக்குது."

"தெரியும். கல்லுச் சத்தமே தெரியும். ஒரு தரம் சாகப்போறத ரெண்டு தரம் சாகடிக்காத. போ, போ."

தோலிப் முனகிக்கொண்டே ஆட்டை இழுத்துப் போவான். அறுக்கப்போகும் பிராணியின் கண்ணெதிரே கத்தி தீட்டக் கூடாது என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்ததைச் செய்யவும் வைக்கிற ஆள் சந்தையில் எர்காஷ் ஒருவர்தான்.

இந்தக் கண்டிப்புக்காரரின் ஒரே மகன் ஒய்பெக், பக்கத்துத் தெரு மமசாலியின் மகன் சர்வாரைக் கத்தியால் குத்திக் கொன்றான்.

வாய்க்கால் தண்ணீருக்காக வந்த சண்டை. அன்றைக்கு மடை திறக்க யாருடைய முறை என்பதில் தொடங்கியது. எல்லாப் பையன்களின் இடுப்பிலும் தொங்குகிற மாதிரி ஒய்பெக்கின் இடுப்பிலும் ஒரு கத்தி தொங்கியது; அப்பா தீட்டியது. நீதிமன்றத்தில் வாய்க்கால் காவல்காரர் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். "உருவின உடனே குத்தலைங்க. சர்வாரப் பார்த்துக்கிட்டே காலத் தூக்கி, பூட்ஸ் தோல்ல ரெண்டு இழுப்பு இழுத்தான். சும்மா பயமுறுத்துறான்னுதான் நான் நெனச்சேன்."

அதைக் கேட்டதும் சர்வாரின் அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். எர்காஷ் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வழக்கம் அது. பையன் நடை பழகின நாளிலிருந்து பார்த்து வளர்ந்த வழக்கம். தீர்ப்பு வந்த மறுநாள் அவர் ஒரு பழைய பெல்ட்டை அறுத்துப் பலகையின் ஓரத்தில் ஆணியடித்தார். அதற்குப் பிறகு பூட்ஸில் இழுக்கவில்லை.

ஒய்பெக்கைப் பாலைவனத்துப் பக்கம் ஒரு சிறையில் போட்டார்கள். ஒரு குளிர்காலம் கழிவதற்குள் நெஞ்சில் சளி கட்டி, துப்பினால் ரத்தம் வந்தது. செத்தவன் வீட்டார் மனசார மன்னித்தோம் என்று வந்து சொன்னால் தண்டனை குறையலாம், நெஞ்சு வைத்தியம் உள்ள இடத்துக்கு மாற்றவும் கேட்கலாம் என்று வக்கீல் சொன்னார். மற்றபடி அவர் கையை விரித்தார்.

அதனால் தெருப் பெரியவர் ஹைதர் அக்சக்கால் எர்காஷ் வீட்டிலிருந்து கொழுப்பு வால் செம்மறிக் கிடாய் ஒன்றை மமசாலி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஒரு கண்ணைச் சுற்றிக் கறுப்பு, ஒரு காது கிழிசல். அந்த வீட்டுக்காரர் அதை அறுத்து, இரண்டு வீட்டு ஆண்களும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டால் பகை தீர்ந்தது. திருப்பி அனுப்பினால் தீரவில்லை. மமசாலி இரண்டும் செய்யவில்லை. கயிற்றை வாங்கி முற்றத்து மல்பெரி மரத்தில் கட்டினார். அவ்வளவுதான்.

ஆடு அங்கேயே நின்றது. ஊரெல்லாம் ஆடு அறுக்கிற குர்பான் பெருநாள் இரண்டு போனது, நின்றது. சர்வாரின் அம்மா அதற்கு ரொட்டி போட்டாள். வாலில் கொழுப்பு ஏறி நடக்கச் சிரமப்பட்டது. "மமசாலி வீட்டு ஆட்டுக்கு அடுத்த மாசத்துலேருந்து பென்ஷன் வருதாம்" என்று டீக்கடையில் சிரித்தார்கள். எர்காஷ் வந்தால் நிறுத்திக்கொள்வார்கள்.

சில மாதத்துக்கு ஒருமுறை சிறையில் பார்க்க விடுவார்கள். நடுவில் கண்ணாடி, இரண்டு பக்கமும் டெலிபோன். ஒய்பெக் அம்மாவைக் கேட்பதற்கு முன்னால் ஆட்டைக் கேட்பான்.

"ஆடு இருக்கா, அப்பா?"

"இருக்குப்பா."

அதன்பிறகுதான் மற்றதெல்லாம்.

ஆப்ரிகாட் பூ உதிர்ந்து முடிந்த சமயம், ஒரு சந்தை நாள் காலையில் ஹைதர் அக்சக்கால் மூச்சு வாங்க வந்தார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"எர்காஷ், கையில இருக்குற கத்தியக் கீழ வை. வச்சுட்டுக் கேளு. மமசாலி சரின்னுட்டான்."

எர்காஷ் கத்தியை வைத்தார்.

"அவன் பொண்டாட்டியும் சரின்னுட்டா. இன்னிக்கே. மசூதி முற்றத்துல வச்சு அறுக்கிறான். உன் வீட்டுல சொல்லி பெரிய கொப்பரைய எடுக்கச் சொல்லிட்டுத்தான் வர்றேன். உன் பொண்டாட்டி சனோபர் அழறா, பக்கத்துல போகவே பயமா இருந்துச்சு."

"நெஜமாவா அகா?"

"இந்த வயசுல பொய் சொல்ல ஓடி வருவனா? இன்னொண்ணு. அவன் கத்தி துருப்பிடிச்சுக் கெடக்காம். வர்ற வழியில உன்கிட்ட குடுப்பான். கொல்லன் வரிசையில அத்தன பேர் இருக்க, எர்காஷ் தீட்டின கத்தியாலதான் அறுப்பேன்னு சொல்றான். புரியுதா உனக்கு?"

எர்காஷுக்குப் புரிந்தது. கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டிப் புதிதாக நிரப்பினார். மூன்று கல்லையும் கழுவினார். கழுவியதை மறந்து மறுபடியும் கழுவினார். மனது வைத்தியம் உள்ள சிறைக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் ஓடியது. நெஞ்சு தேறி ஒய்பெக் வாசலில் வந்து நின்றான்.

மமசாலி ரொட்டிக்காரர்களின் பக்கமிருந்து வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு கையில் துணியில் சுற்றிய கத்தி, இன்னொரு கையில் கயிறு. கூட்டம் தானாக விலகியது. ஆடு சாவகாசமாக, தன் பின்பாரத்தை அசைத்து அசைத்து வந்தது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு அப்படியே இருந்தது.

அவர் துணியைப் பலகையில் வைத்தார். "தீட்டு."

எர்காஷ் தன் கேள்வியைக் கேட்கவில்லை. கழுத்துக்குத்தான் என்று ஊருக்கே தெரியுமே. நிமிர்ந்து பார்க்கவும் பயம். தலையைத் தூக்கினால் அந்த மனிதர் மனசு மாறிப் போய்விடுவாரோ என்று பயம். துணியைப் பிரித்தார். நீண்ட அலகு, பழைய எஃகு, ஓரமெல்லாம் செந்துரு.

"ரொம்ப எடுத்துராத. எங்கப்பா கத்தி."

"எடுக்கமாட்டேன்."

கரடு கல்லில் துரு போனது. தண்ணீர் சிவந்து வழிந்தது. நடுக்கல்லுக்கு மாற்றியபோது, மணிக்கட்டில் சூடான மூச்சு பட்டது. ஆடு கழுத்தை நீட்டிக் கிண்ணத்துத் தண்ணீரை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தது. எர்காஷ் இடது கையால் கிண்ணத்தை அதன் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"அது எதக் குடுத்தாலும் குடிக்கும்" என்றார் மமசாலி. "வீட்டுல டீ குடிக்குது. சக்கரை போட்டு."

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். தோலிப்தான். எர்காஷும் சிரித்துவிட்டார். ஊர் எல்லையிலும் மசூதியிலும் எத்தனையோ முறை எதிரெதிரே வந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன மனிதர், இன்று பலகைக்கு முன்னால் நின்று ஆட்டைப் பற்றிப் பேசுகிறார். எர்காஷுக்குக் கண் கலங்கியது. கல்லையும் அலகையும் தவிர எதையும் பார்க்கக் கூடாது என்று குனிந்துகொண்டார்.

பச்சைக்கல்லில் ஒரே சாய்வு, ஒரே அழுத்தம், பிடியடியிலிருந்து நுனிவரை. இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் மெல்லிய பிசிறு எழும். திருப்பி இழுத்தால் இந்தப் பக்கம் வரும். அது மயிரிழையாகத் தேய்ந்து மறையும்வரை விடக் கூடாது. அன்றைக்குக் கை தானாகவே போனது. தன் வாழ்நாளில் இப்படி ஒரு பதம் தன் கையில் வந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

கடைசியாக அலகைப் பெல்ட்டுத் தோலில் வைத்து இழுத்தார். ஒரு தரம். இரண்டு தரம்.

ஆடு கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கியது.

எர்காஷ் நகத்தில் வைத்துப் பார்த்தார். எங்கும் தட்டவில்லை. பிடிப் பக்கமாகத் திருப்பி, இரண்டு கையாலும் நீட்டினார். மமசாலி வாங்கவில்லை. அவர் தோல் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து கத்திக்கும், கத்தியிலிருந்து ஆட்டின் முகத்துக்கும் அவர் கண் போனது. ஆட்டின் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எர்காஷ்" என்றார். "ஆடு இங்கேயே நின்னுருச்சே."

எர்காஷின் கை நீட்டியபடியே இருந்தது. தோலிப் அசட்டுத்தனமாக ரொட்டிக்காரர்களுக்குப் பின்னால், ஆடு கட்டுகிற இடத்தைத் திரும்பிப் பார்த்தான்.

ஹைதர் அக்சக்கால்தான் முதலில் பேசினார். "சரி, போகட்டும். ஹராம் ஒண்ணும் இல்லப்பா. செய்யக் கூடாத காரியம், அவ்வளவுதான். கறி கறிதான்."

"தெரியும் அகா" என்றார் மமசாலி.

"பின்ன என்ன? கத்திய வாங்கு. நட."

"நேத்து ராத்திரி என் பொண்டாட்டி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா" என்றார் மமசாலி. அவர் யாரையும் குறை சொல்கிற மாதிரி பேசவில்லை. கணக்கு சொல்கிற மாதிரி பேசினார். "அறுங்க, சாப்பிடுங்க, கோர்ட்டுக்குப் போய்ச் சொல்லுங்க, நான் வாயத் தொறக்கல. ஆனா அது கத்தியப் பார்க்கக் கூடாது. என் புள்ள பார்த்தான். தோல்ல இழுக்குறதப் பார்த்துக்கிட்டே நின்னான். இதாவது ஒண்ணும் தெரியாம போகட்டும். இவ்வளவுதான் கேட்டா."

"வேற ஆடு நான் தர்றேன் மமசாலி அகா" என்றான் தோலிப். "இப்பவே. அந்தா நிக்குது பாருங்க. கிட்டயே கொண்டு வரமாட்டேன்."

"இந்த ஆட்ட முற்றத்துலேருந்து இங்க இழுத்துட்டு வர எனக்கு ரெண்டு வருஷமாச்சு. இன்னொண்ண இழுத்துட்டு வர எனக்குத் தெம்பு இல்லப்பா."

"வீட்டுல போய் யாரு சொல்லப்போறா?"

"அவ கேப்பா. கேட்டா நான் சொல்லிருவேன்."

எர்காஷ் பலகைக்குப் பின்னாலிருந்து எழுந்தார். கால் மரத்திருந்தது. "மறந்துட்டேன் மமசாலி. அல்லா மேல ஆணையா மறந்துட்டேன். நீ வந்த சந்தோஷத்துல..."

"நானும்தான் மறந்தேன்" என்றார் மமசாலி. "கயிறு என் கையிலதான இருந்துச்சு."

அவர் ஆட்டைத் திருப்பினார். வந்த வழியே, ரொட்டிக்காரர்களின் பக்கமாக, அதன் வேகத்துக்கு நடந்து போனார். ஹைதர் அக்சக்கால் கொஞ்ச தூரம் கூடவே போய் ஏதோ பேசிப் பார்த்தார். பிறகு நின்றுவிட்டார்.

வீட்டு முற்றத்தில் கொப்பரை அடுப்பில் ஏறியிருந்தது. சனோபரும் பக்கத்து வீட்டுப் பெண்களும் புலாவுக்குக் கேரட்டை மெல்லிசாக, தீக்குச்சி தீக்குச்சியாக அரிந்து ஒரு பெரிய குவியலாகக் குவித்திருந்தார்கள். எர்காஷின் முகத்தைப் பார்த்ததும் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கத்தியைக் கீழே வைத்தார்கள்.

"ஏங்க, ஆடு?"

"திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டான்."

"ஏன்? என்ன சொன்னான்? நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் நடந்ததைச் சொன்னார். சொல்ல நாலு வாக்கியம்கூட ஆகவில்லை. சனோபர் கத்துவாள், தன்னை அடிப்பாள் என்றுகூட எதிர்பார்த்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. அவள் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஊரையே வெரட்டுவீங்களே" என்றாள். "ஆட்ட அங்க கட்டு, இங்க கட்டுன்னு." பிறகு ஈரத் துணியை எடுத்து மூடினாள். "இவ்வளவு கேரட்ட என்னங்க பண்றது?"

மமசாலியின் கத்தி எர்காஷிடமே தங்கிவிட்டது. அன்றைக்கு அவர் அதை வாங்காமலேயே போய்விட்டார். கூர் ஏறிய கத்தியை அந்த வீட்டுக்கு யார் கையில் கொடுத்து அனுப்புவது? எர்காஷ் வீட்டிலிருந்து கத்தி வந்தது என்றால் அதற்கு வேறு அர்த்தம் வைப்பார்கள். ஹைதர் அக்சக்காலே தயங்கினார். "இருக்கட்டும், கத்தியக் கேட்டாவது ஒரு நாள் வருவான்" என்றார். அவர் குரலில் நம்பிக்கை இல்லை. எர்காஷ் அதற்குப் பருத்தி எண்ணெய் பூசித் துணியில் சுற்றி உத்தரத்தில் செருகினார். சில வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பார். பதம் அப்படியே இருந்தது. மமசாலி வரவில்லை. சந்தையில் எர்காஷ் இப்போதெல்லாம் வெங்காயத்துக்கா கழுத்துக்கா என்று கேட்பதில்லை. தோலிப் மட்டும், யாரும் சொல்லாமலே, ஆட்டை அந்தப் பக்கம் கட்டிவிட்டுத்தான் வருகிறான்.

கோடையில் பார்க்க விட்டார்கள். ஒய்பெக்கின் சட்டை வேறு யாருடையதோ போலத் தொங்கியது. ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து டெலிபோனை எடுத்தான். சனோபர் வாசல்வரை வந்து சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தாள்: பேச்சு நடக்குது, சீக்கிரமே முடியும்னு சொல்லுங்க. எர்காஷ் அதையே மனதில் உருட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"ஆடு இருக்கா, அப்பா?"

எர்காஷ் கண்ணாடி வழியே மகனைப் பார்த்தார்.

"இருக்குப்பா."

"கொழுத்திருக்கும்."

"கொழுத்திருக்கு. டீ குடிக்குது. சக்கரை போட்டு."

ஒய்பெக் சிரித்தான். "இருக்கட்டும்ப்பா" என்றான். "அது ஒண்ணாவது இருக்கட்டும்." சிரிப்பு இருமலாக மாறியதும் டெலிபோனை மேஜையில் வைத்துவிட்டுக் குனிந்துகொண்டான். சத்தம் இந்தப் பக்கம் வரவில்லை. தோள் குலுங்குவது மட்டும் எர்காஷுக்குத் தெரிந்தது. அவர் டெலிபோனைக் காதிலேயே வைத்திருந்தார்.