இரண்டு காலிக் கட்டங்கள்

மார்ச் பதினேழாம் தேதி காலை, தொழிற்பேட்டையின் கடைசிச் சந்தில் இருக்கும் ஒரு மரப்பட்டறையில், பள்ளிகளுக்காகச் செய்த முந்நூறு முக்கோணப் பாடப் பெட்டிகளும் நிராகரிக்கப்பட்டன.

பட்டறையை நடத்துபவர்கள் ஒரு கணவனும் மனைவியும். அவன் அறுப்பான், இழைப்பான். அவள் முன்பு கணக்கு ஆசிரியை; அந்த வேலையை விட்டுவிட்டு வந்து இந்தப் பெட்டியை வடிவமைத்தவள். ஒவ்வொரு மூடியிலும் பட்டறையின் பெயரைச் சூடு போட்டுப் பதித்திருந்தாள். உள்ளே மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்கள். மேலிருந்து கீழே பக்கங்கள்: சமபக்கம், இருசமபக்கம், அசமபக்கம். இடமிருந்து வலம் கோணங்கள்: குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம். ஒவ்வொரு முக்கோணத் துண்டையும் அதற்குரிய கட்டத்தின் குழியில் பொருத்த வேண்டும். ஏழு கட்டங்களில்தான் குழி இருந்தது. சமபக்க முக்கோணத்தில் மூன்று கோணமும் அறுபது பாகை. அதற்குச் செங்கோணமும் வராது, விரிகோணமும் வராது. அந்த இரண்டு கட்டங்களையும் வழவழப்பாக விட்டிருந்தாள். இது ஏன் காலி என்று ஒரு குழந்தை கேட்டுவிட்டால் பாடம் முடிந்தது என்று நினைத்திருந்தாள்.

கேட்டவர் கொள்முதல் அதிகாரி.

“ஏம்மா, ரெண்டு பீஸ் எங்க?”

“அப்படி முக்கோணமே கிடையாது சார்.”

“கிடையாதுன்னா செய்ங்க. அதுக்குத்தானே பட்டறை வச்சிருக்கீங்க?”

பேசிக்கொண்டே விரிகோணத் துண்டு ஒன்றை எடுத்து, அதன் கூரான முனையால் கடைவாய்ப் பல்லைக் குடைந்தார். வந்ததை விரலில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் வாயிலேயே போட்டுக்கொண்டார். ஈரமான அந்தத் துண்டை ஒரு குழியில் வைத்து அழுத்தினார், பொருந்தவில்லை. அப்படியே விட்டுவிட்டார்.

“ஒன்பது கட்டம், ஏழு பீஸ். ஆடிட்ல என்னைத் தொங்க விட்ருவாங்க. அடுத்த வாரம் இதே நாள் வர்றேன். ஒன்பதும் இருக்கணும். இல்லன்னா வேற பட்டறையைப் பாத்துக்கறேன்.”

கையில் வேறு ஆர்டர் இல்லை. இது போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

அவர் போனதும் கணவன் அந்த ஈரத்துண்டைச் சட்டை நுனியில் துடைத்து, உரிய குழியில் வைத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“தான் பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு அவர் சொன்னா நமக்கென்ன? நாலாவது காலை நாமளே வெட்டிக் குடுத்துருவோம்.”

“எதைங்க செங்கோணம்னு வெட்டுவீங்க?”

“சமபக்கத்துலயே இன்னும் ரெண்டு. மேல பேரை ஒட்டிட்டா முடிஞ்சுது. மூலைமட்டம் வச்சு யாரு பாக்கப் போறா?”

“பிள்ளைங்க பாக்கும்.”

“பாத்தா டீச்சரைக் கேக்கும். டீச்சர் பெட்டியைக் காட்டுவாங்க.”

அவன் சொன்னது சரி. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வாரம் முழுக்க வாள் ஓடியது. ஒரே அச்சில் அறுத்த மூன்று துண்டுகள், மேல்வரிசையில் மூன்று பெயர்களோடு கிடந்தன. ஒன்றை எடுத்து மற்றதன் குழியில் போட்டாலும் அச்சாகப் பொருந்தியது. பட்டறையெங்கும் பசையின் புளித்த வாடை. ஒரு பெயர்ச்சீட்டு அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் பிசுபிசுப்பு போகவில்லை.

கடைசி நாள் அவள் உப்புத்தாளை எடுத்து உட்கார்ந்து, மூடிகளைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

“என்ன பண்றே?”

“பேரை அழிக்கிறேன்.”

“அடிப்பாவி, பட்டறைப் பேரு அது! இனி ஆர்டர் எப்படி வரும்?”

“இதைப் பாத்து வர்ற ஆர்டர் நமக்கு வேண்டாங்க.”

அவன் தடுக்கவுமில்லை, உதவவுமில்லை. முந்நூறு மூடிகளையும் அவளே தேய்த்தாள்.

அதிகாரி சொன்ன நாளில் வந்தார். ஒரு பெட்டியைத் திறந்து விரலால் ஒன்பது வரை எண்ணினார்.

“இப்பதான் முழுசா இருக்கு. இதைத்தானேம்மா அன்னைக்கே சொன்னேன்?”

‘சமபக்க விரிகோணம்’ என்று ஒட்டியிருந்த புதுத்துண்டை எடுத்துப் பல்லுக்குக் கொண்டுபோனார். முனை உள்ளே போகவில்லை. அதைப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டார். சுரண்டிய மூடியை அவர் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

ஜூன் மாதம் முந்நூறு பெட்டிகளும் பள்ளிகளுக்குப் போயின. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.