அமிலமே இல்லாத பட்டறை

விடியும் முன்பே உலை தகதகத்தது. உலைக்கார அண்ணன் கம்பியின் முனையில் சுருட்டி எடுத்த கண்ணாடிக் குழம்பின் மறுபக்கத்தை இடுக்கியால் கவ்விக்கொண்டு, சிட்டு பட்டறையின் கோடிக்கு ஓடினாள். பின்னாலேயே நீலக் குழாய் நூலாக நீண்டது. கால் தளர்ந்தால் தடித்துவிடும், துள்ளினால் அறுந்துவிடும். அது அவள் புருஷன் நெட்டையனின் வேலை; மணி கோத்துக்கொண்டிருந்தவள் இப்போது அவனுக்குப் பதிலாக ஓடினாள். அந்த ஓட்டத்தின் அழகில் மயங்கித்தான் அவனைக் கட்டிக்கொண்டாள்.

குழாயை நறுக்கினால் மணி. அதைப் பின்கட்டில் அமிலத்தில் முக்கி, சேற்றில் புதைத்து எடுத்தால், நேற்றுப் பிறந்த மணிக்கு இருநூறு வயது. "அதே அமிலம் நம்மையும்தான் கிழடாக்குது, அதுக்குக் கூலிதான் தனியா இல்ல" என்று சிரிப்பான் நெட்டையன். சரக்கு அவசரம் என்று முதலாளி அவனைப் பின்கட்டுக்கு மாற்றியிருந்தார். வெடிப்பு விட்டிருந்த அமிலப் பீப்பாயை மாற்றச் சொல்லி அவன் கேட்டது அவர் காதில் ஏறவில்லை. போன வாரம் அது பிளந்து, அமிலம் அவன் முகத்தில் அடித்தது. அதன் பிறகுதான் புதுப் பீப்பாய் வந்தது.

வலது கண் போய்விட்டது; இடதும் மங்கிக்கொண்டிருந்தது. வேலையில் நடந்த விபத்து என்று முதலாளி எழுதிக் கொடுத்தால், தொழிலாளர் ஆஸ்பத்திரியில் இடது கண்ணுக்கு அறுவை செய்வார்கள். சிட்டு அதைக் கேட்டுத்தான் அவர் அறைக்குப் போனாள்.

"ஏம்மா, அமிலமே இல்லாத பட்டறையில அமிலம் எங்கேர்ந்து தெறிக்கும்?" என்றார் அவர். "வீட்டுல எதையோ கழுவும்போது பட்டுச்சுன்னு சொல்லிடு." பிறகு மனசு இளகியவர்போல மேஜையிலிருந்து ஒரு சரத்தை எடுத்து நீட்டினார். "பழங்காலத்து மணி. வித்தா வருஷம் பூரா உக்காந்து சாப்பிடலாம்."

சிட்டு அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது என் புருஷன் முக்கினது, முதலாளி. நான் கோத்தது."

அவர் முகம் ஒரு கணம் செத்தது. யாரிடம் எதை அளக்கிறோம் என்பதைப் பழக்கதோஷத்தில் மறந்துபோயிருந்தார். "திமிரா? வேணும்னா எடு, வேணாம்னா போ."

சரத்தை மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்தவள், நேராகப் பின்கட்டுக்குப் போய் ஒரு பாட்டிலில் அமிலத்தை நிரப்பினாள். அந்த முகம் வெந்து உரிவதை நினைக்க நினைக்க உள்ளே இனித்தது.

மணிக்கட்டை யாரோ இறுகப் பிடித்தார்கள். கூடவே மணி கோக்கிற நாத்தனார்.

"வெச்சிடு அண்ணி. நீ ஜெயிலுக்குப் போனா அண்ணனை யாரு கைப்பிடிச்சுக் கூட்டிப் போவா?"

"எரியுதுடி எனக்கு!"

"எனக்கு மட்டும் குளிருதாக்கும்? அவன் கூடப்பிறந்தவ நான். ஆனா ஒரு பாட்டில் எந்த மூலைக்கு? பீப்பாயையே தூக்குவோம். மணி வாங்க வந்தவர் முன்னறையில உக்காந்திருக்கார்."

கேட்டுக்கொண்டிருந்த உலைக்கார அண்ணன் இடுக்கியைக் கீழே வைத்தார். "மூடியை இறுக்கு தங்கச்சி. இதுக்கு நாலு பேராவது வேணும்." நறுக்குகிறவர்களும் கோக்கிறவர்களும் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள்.

முன்னறையில் முதலாளி கதை சொல்லிக்கொண்டிருந்தார். "கல்யாணப் பொண்ணு கழுத்துல இதுதாங்க சீர். செத்தவன் மார்புல வெச்சா மேலுலகத்துக்கு வழிச்செலவு. அந்தக் காலத்துல ஒரு கைப்பிடி மணி குடுத்து ஒரு ஆளையே அடிமையா வாங்கிக் கப்பல்ல ஏத்தினாங்க!"

பீப்பாய் தரையில் தொம்மென்று இறங்கியது. வாங்க வந்தவர் காரநெடி தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஆளோட விலை இன்னும் ஏறல ஐயா." சிட்டு சரத்தை அவர் முன்னால் போட்டாள். "ஒரு சரத்துக்கு என் புருஷன் கண்ணைக் கேக்கறாரு. உங்க பழைய மணியெல்லாம் இந்தப் பீப்பாயிலதான் முக்கறோம்."

வந்தவர் மணியைப் பார்த்தார், பீப்பாயைப் பார்த்தார். அவர் கை பையைத் தேடியது.

"பொய்யி! எல்லாரையும் வேலைய விட்டுத் தூக்கறேன்!" என்று கத்தினார் முதலாளி.

"தூக்குங்க" என்றார் உலைக்கார அண்ணன். "நாளைக்குக் குழாய் இழுக்க நீங்களே ஓடுங்க. தொப்பையும் குறையும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளியின் குரல் தணிந்தது. "சிட்டு... நீ மட்டும் உள்ள வாம்மா. பேசிக்கலாம்."

சிட்டு அவர் நெற்றியில் அரும்பிய வியர்வையை ஆசை தீரப் பார்த்தாள். அமிலம் சுட்டிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. வாசற்படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாத்தனார் அவளை ஒட்டி உட்கார்ந்தாள். மற்றவர்களும் தோளோடு தோள் நெருக்கி உட்கார, வெளியே போகக்கூட வழியில்லாமல் போயிற்று.

"பேசுங்க முதலாளி. இங்கேயே பேசுங்க" என்றாள். "எங்களுக்கு அவசரமில்ல."