சுனைத் தண்ணீர்ச் சண்டை

வடமாலபேட்டை தாண்டி மலையடிக்குப் போனால் பாறை இடுக்கில் எங்கள் சுனை. அந்தத் தண்ணீரை வாயில் வைத்ததும் லேசாகத் துவர்க்கும். விழுங்கிய பிறகு நெல்லிக்காய் தின்ற மாதிரி தொண்டையில் இனிக்கும். கல்லுக்குள் ஊறி வருகிற தண்ணீர், அப்படித்தான் இருக்கும். அந்த இனிப்பு கோடையில்தான் அதிகம் என்பார் பக்கத்துக் கொல்லைக்கார நாகபூஷணம் அண்ணன். என்ன நாக்கோ! மழைக்குப் பிறகுதான் என்பேன் நான். பத்து வருஷமாகத் தினம் காலையில் குடத்தோடு போய் இதே சண்டை. அவருக்கும் வீட்டில் யாருமில்லை, எனக்கும் இல்லை. ஒரு நாளில் நான் வாய் திறந்து பேசுவது அவ்வளவுதான்.

தை மாதம் அவருக்குக் கிட்னியில் கல் வந்தது. திருப்பதியில் இருக்கிற மகன் சிட்டிபாபு வந்து தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டான். அதன்பின் சுனையில் நான் மட்டும். சந்திரம்மா அழவே மாட்டாள் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். அங்கே உட்கார்ந்து அழுதேன்.

ஆவணியில் நல்ல மழை. மறுநாளே ஒரு கேன் பிடித்துக்கொண்டு, ஆதாரைக் காட்டிப் பெண்களுக்கான இலவச பஸ்ஸில் திருப்பதிக்கு ஏறினேன். ருசி பார்த்துவிட்டு, தோற்றேன் என்று அந்த மனுஷன் வாயால் சொல்ல வேண்டும். சிட்டிபாபு வீடு மூன்றாவது மாடி, லிப்ட் ரிப்பேர். கேன் பிடி கையை அறுத்துவிட்டது.

கதவைத் திறந்த சிட்டிபாபு முதலில் கேனைத்தான் பார்த்தான்.

"அய்யோ அத்தே, இத்த ஏன் தூக்கினு வந்தே? ஊர்த் தண்ணியாலதான் கல்லுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஃபில்டர் தண்ணிதான் தரணும். இத்தக் குடுக்கத்தான் வரேன்னா, இனிமே வராதே."

உள்ளே அண்ணன் இளைத்துப்போய் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"மழை பேஞ்சப்புறம் புடிச்சதா?" என்றார் மெதுவாக.

கேனை வாசலில் செருப்புப் பக்கம் வைத்தேன்.

"அந்த ஃபில்டர் தண்ணி ஒரு டம்ளர் குடுப்பா."

கொடுத்தான். சப்பென்று இருந்தது. நாக்கில் ஒன்றுமே தட்டவில்லை. இதைக் குடிக்கிறவர்களை நான் திட்டாத திட்டில்லை.

"நல்லாத்தான் கீது," என்றேன். "இன்னொரு டம்ளர் குடு. இத்தக் குடிக்கவே வாராவாரம் வரேன்."

சிட்டிபாபு சிரித்துவிட்டு உள்ளே போனான். அண்ணன் சிரிக்கவில்லை.

"காலையிலேயே வந்துடு, சந்திரம்மா," என்றார்.