குப்பையில் போட்ட பூஜ்யம்

மறுபடியும் பூஜ்யம். ஆய்வகக்காரி இயந்திரத்தின் திரையை உற்றுப் பார்த்தாள்.

வெளியே பெஞ்சில் மூன்று வயதுப் பையன், முப்பத்தெட்டுக் கிலோ. பக்கத்தில் அவன் அம்மா. எதிரே குழந்தைகள் நல அதிகாரி, மடியில் கோப்புடன். ஊட்டி ஊட்டியே பிள்ளையைக் கெடுக்கிறாள் என்று சொந்தக்காரர்களே புகார் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நல்ல சொந்தம்! இது நோய்தான் என்று நான்கு மணிக்குள் காகிதம் வராவிட்டால் பையனை அம்மாவிடமிருந்து பிரித்து அரசுக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

பையனின் ரத்தத்தில் ஆய்வகக்காரி தேடியது லெப்டின். கொழுப்புச் செல்கள் ரத்தத்தில் விடும் புரதம். 'இருப்பு போதும், சாப்பாட்டை நிறுத்து' என்று மூளைக்குச் சொல்வது. கொழுப்பு ஏற ஏற அதுவும் ஏறும். இந்த உடம்பில் கொட்டிக் கிடக்க வேண்டும்.

அந்த ஆய்வகத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: பூஜ்யம் வந்தால், ரத்தம் கெட்டது என்று எழுதிக் குப்பையில் போடு. போன மாதமும் இந்தப் பையனின் ரத்தத்தை அப்படித்தான் போட்டார்கள். போட்டது வேறு யார், இவளேதான்.

ஆய்வகத் தலைவர் எட்டிப் பார்த்தார். "ரத்தம் கெட்டதுன்னு எழுதித் தள்ளும்மா. யானைக்குத் தும்பிக்கை இல்லைன்னு ரிப்போர்ட் குடுத்தா ஊரே சிரிக்கும்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரே பிள்ளையின் ரத்தம் இரண்டு தடவையுமா கெடும்? பையனிடம் புதிதாக ரத்தம் எடுத்தாள், தன் கையிலிருந்தும் எடுத்தாள். அவனுடையதும் தன்னுடையதும் ஒரே சோதனைத் தட்டில், அடுத்தடுத்த குழிகளில்; லெப்டின் இருந்தால் குழி மஞ்சளாகும். காத்திருந்த மூன்று மணி நேரமும் அவளுக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு அவள் குழி மஞ்சளானது. அவனுடையது வெறும் தண்ணீராகவே நின்றது. இயந்திரமும் சரி, ரத்தமும் சரி. புரதம்தான் இல்லை.

காகிதத்தோடு ஓடினாள். அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டுக் கோப்பை மூடினார். இல்லாத புரதத்தை ஊசியாகப் போடலாம், பசி அடங்கும் என்று அம்மாவுக்கு விளக்கினாள்.

"எவ்வளவு தின்னாலும் போதும்னு அவனுக்குத் தெரியாதுங்க. பசிக்குதுன்னு அவன் சொன்னது பொய்யில்ல."

அம்மா தன் உள்ளங்கையையே பார்த்தாள். "குப்பைத்தொட்டியில எடுத்துத் தின்னான்னு நேத்து அடிச்சுட்டேன்."

ஆய்வகக்காரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "போன மாசமே தெரிஞ்சிருக்கணும்மா. அப்ப அவன் ரத்தத்தைத் தூக்கிப் போட்டது நான்தான்."

பையன் அம்மாவின் முந்தானையை இழுத்து, பசிக்கிறது என்றான்.

"ஆமாடா கண்ணு," என்றாள் அம்மா, முதல் தடவையாக. "உனக்குப் பசிதான்."